கொலுக் குளத்தில் பாதரசம்

பட்டாபிராமன் கும்பகோணத்துக்காரர், வேதியியலில் தங்கப்பதக்கம் வாங்கியவர். வடக்கே, மராட்டியர் ஊரான பிம்ப்ரிப் பக்கம் தெர்மாமீட்டர் செய்யும் கம்பெனியொன்றில் பாதுகாப்பு அதிகாரி. மாதக் கடைசியில் 'காற்றில் பாதரசம்: வரம்புக்குள்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அளக்கும் கருவி ஜெர்மனியிலிருந்து வந்தது. வந்த பெட்டியிலேயே இருந்தது.

1996-இல், குழாய்களில் பாதரசம் நிரப்பும் துரைசாமிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. குடிதான் காரணம் என்று எழுதிவிட்டார் கம்பெனி டாக்டர். துரைசாமியோ ஐப்பசி நடைதிறப்புக்காகச் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். விடுப்பும் வைத்தியமும் கிடைக்க வேண்டுமானால் அந்த மாத அளவு வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். பட்டாபியிடம் வந்து கேட்டார். பட்டாபி, பார்க்கலாம் என்றார். எதையும் பார்க்காமலிருக்க அவர் சொல்லும் வார்த்தை அது.

அந்த வாரம் நவராத்திரி. கொலுவின் கீழே பார்க் கட்டுவதில் அங்கிருந்த தமிழ் வீடுகளுக்குள் போட்டி. மற்றவர்கள் வீட்டுக் குளமெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. பட்டாபி ஹார்லிக்ஸ் பாட்டிலில் கம்பெனிப் பாதரசம் கொண்டுவந்து ஊற்றினார். பாட்டில் சின்னது, தூக்கினால் அம்மிக்கல். குளத்தில் இரும்புப் படகே மிதந்தது. தள்ளியிருக்கும் ஔந்த்திலிருந்தெல்லாம் மாமிகள் வந்து பார்த்தார்கள்.

மூன்றாம் நாள், கவிழ்ந்த படகை நிமிர்த்தக் குளத்துக்குள் கையை விட்டாள் மனைவி ராஜி. தங்க வளையல் இரண்டும் வெளுத்துப்போயின. தங்கப்பதக்க வேதியியலுக்கு உடனே தோன்றியது, மாமனார் கவரிங் போட்டு ஏமாற்றிவிட்டார் என்பதுதான். ராஸ்தா பேட் கடைவீதி நகைக்கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாதரசம் ஏறியிருக்கிறது, அதை வீட்டில் வைக்காதீர்கள் என்றார்.

ராஜி வீட்டுக்கு வந்ததும் குளத்தைக் காலிசெய்யச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"ஏன்னா, ஒரு நிமிஷத்துல தங்கத்தையே தின்னுடுத்து. துரைசாமி வருஷக்கணக்கா அதுல கையை விடறார். அவர் என்ன, தங்கத்தைவிட கெட்டியா?"

உலோகம் வேறு, உடம்பு வேறு என்று பட்டாபி விளக்கத் தொடங்கினார்.

"வரம்புக்குள்ளயா?" என்றாள்.

மறுநாள் பட்டாபி கருவியின் பெட்டியைப் பிரித்து அளந்தார். வரம்பைப்போல் ஏழு மடங்கு. எழுதிக் கையெழுத்துப் போட்டார். கருவி பழுது என்று சொல்லிப் பார்த்தது நிர்வாகம். ஆனால் இவர் அளவு என்றைக்கும் தப்பாது என்று வருஷா வருஷம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதிக் கொடுத்ததும் அதே நிர்வாகம்தான். துரைசாமிக்கு விடுப்பு கிடைத்தது. பட்டாபியைக் கேன்டீன் மேற்பார்வைக்கு மாற்றினார்கள்.

துரைசாமி கேன்டீனுக்கு வந்து உட்கார்ந்தார்.

"இதை முன்னாடியே எழுதியிருந்தா, விடுப்புக் கடுதாசில என் கையெழுத்தாவது நேரா விழுந்திருக்கும் சார்."

பட்டாபி அரை டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தார். முழுசாக ஊற்றினால் சிந்தும்.