சமையல்கட்டை ஒட்டிய அறை

சலீம் பாயின் மகள் போன் செய்தபோது மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அங்கிள், அத்தா மௌத்தாயிட்டாங்க" என்றாள். அப்பா இறந்த செய்தியைச் சொன்னவளிடம் போய், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும், நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு விண்வெளி நாவல் எழுதிக்கொண்டிருந்தோம். கதை என்னுடையது, அது நடக்கும் விண்நிலையத்தின் உள்ளமைப்பு அவருடையது. துபாயில் பல வருஷம் கட்டட வரைபடம் போட்ட மனிதர். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று முடிவாகாமல் ஒரு வரி எழுத விடமாட்டார். "ஆளு எங்க படுப்பான், எங்க துணி காயப்போடுவான்னே தெரியாம அவன லவ் பண்ண வைக்கிறியேப்பா!" என்று கத்துவார். எனக்கும் கோபம் வரும். இரண்டு நாள் பேசமாட்டேன், மூன்றாம் நாள் நானே கூனிமேட்டில் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பேன்.

உப்பெடுப்பு தொடங்குமுன் ஒருமுறை, காய்ந்து கிடந்த உப்புப் பாத்தியில் சுண்ணாம்புத் தூளால் நிலையத்தை முழு அளவில் கோடு போட்டார். வேலைக்கு வந்த பெண்கள் கூடிவிட்டார்கள்.

"இன்னா பாய், வீடா? வாசப்படியே காணோம்?"

"வெளிய காத்தே கெடையாதும்மா. வாசல் எதுக்கு?"

"அடப்பாவமே, அப்போ உள்ளயே கெடந்து சாவணுமா?"

எல்லோரும் சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை. மறுநாள் நிலையத்தின் ஆஸ்பத்திரி அறையை அழித்து, சமையல்கட்டை ஒட்டிப் போட்டு வைத்திருந்தார்.

"எந்தப் பைத்தியக்காரன் பாய் அடுப்புப் பக்கத்துல நோயாளிய வைப்பான்?"

"நான் வைப்பேன். துபாய்ல என் ரூம்மேட்டு ஆஸ்பத்திரில மெஷின் சத்தத்தக் கேட்டுக்கினே போனான்பா. படுத்துக் கெடக்கிறவனுக்குக் கரண்டி சத்தம் கேக்கணும். வீட்லதான் இருக்கிறோம்னு தெரியணும்."

"எடையே இல்லாத எடத்துல கரண்டி எப்படித் தட்டும்?"

"அப்போ நிலையத்தச் சுத்த விடு. எடை தானா வரும்."

ஒரு கரண்டிச் சத்தத்துக்காக அதுவரை எழுதிய நாவல் முழுவதையும் திருத்தி எழுதினேன். என் நிலையம் இன்றும் சுழல்கிறது.

அவரோ ஐ.சி.யூ.வில் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மாடிப்படியில், அவர் மனைவி பாத்திமா அக்கா கஞ்சித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரையும் உள்ளே விடவில்லை. யாரைக் குறை சொல்ல? அவர்கள் முறை அது. ஆனால் எனக்கு ஆறவில்லை. ஆறாது.

கணவர் போனபின் பிற ஆண்கள் முன் வராமல் இத்தா இருக்கும் அக்கா, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பி, கதையிலயாவது அவர அந்த ரூம்ல படுக்க வைங்க. பக்கத்துல நான் சமைக்கிற மாதிரி எழுதுங்க."

உட்கார்ந்தேன். எழுதினேன். படித்தால் அத்தனையும் பொய். கிழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். அந்த அறையில் யாரைப் படுக்கவைத்தாலும் எனக்கு ஐ.சி.யூ. மெஷின்தான் கேட்கிறது. நாவல் இனி முடியாது. அவர் போட்டுக் கொடுத்த அந்த வெற்று அறை மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

போன வாரம் அக்கா போன் செய்தார்.

"எழுதிட்டீங்களா தம்பி?"

"எழுதிட்டேன்கா."

"அவருக்குச் சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா. கண்ணத் தொறந்து பாத்தாரு."

அக்கா வெகுநேரம் அழுதார். பிறகு, "அது போதும்" என்றார்.

கூனிமேட்டுப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து இந்தக் கட்டுரையை அக்காவுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.