அமாவாசைக் கடல்

என் பிள்ளைகள் இரண்டு பேரும் கடலைப் பார்த்திருக்கிறார்கள். கடலில் கால் வைத்ததில்லை. அதற்குக் காரணம் நான்தான். தெருவில் யாராவது கேட்டால், "பையனுக்கு அலையப் பார்த்தா பயம்பா" என்று சமாளித்துவிடுவேன். பாவம், அவனுக்கு ஒரு பயமும் இல்லை.

போன வருஷம் சித்திரையில் என் மனைவிக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. ஒரு வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. இரண்டு வருஷ ஒப்பந்தம். ஏன் போக வேண்டி வந்தது என்பதை நீட்டி முழக்க எனக்கு விருப்பமில்லை. வீட்டு நிலைமை அப்படி. பெரியவளுக்கு அப்போது ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. ஆடி மாதத்தில் கிளம்ப வேண்டும் என்றார்கள்.

செய்தி வந்த அன்று அவள் அழவில்லை. எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நான் போறதுக்குள்ள பசங்கள மகாபலிபுரம் இட்டுக்கினு போய்ட்டு வந்துடலாமா? ரெண்டு நாள் தங்கி நல்லா ஆட உடலாம். என் கையப் புடிச்சிக்கினு அதுங்க மொத தடவ கடல்ல நிக்கணும்ங்க. சின்னவனுக்கு என் மூஞ்சி மறந்தாலும் அது ஞாபகம் இருக்கும்."

"அதுக்கின்னா, போலாம்" என்றேன். சொல்வதற்குக் காசா பணமா.

அன்றைக்கே திட்டம் போட ஆரம்பித்துவிட்டாள். கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களைச் சேர்த்து வைத்து, அவற்றின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினாள். ஆளுக்கு மூன்று செட் துணி. மணலில் விரிக்கப் பழைய போர்வை. காலில் ஒட்டிய உப்பைக் கழுவ ஐந்து லிட்டர் கேனில் நல்ல தண்ணீர். புளிசாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. சின்னவனுக்குச் சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட். வெயில் ஏறுவதற்குள் ஒரு குளியல், சாய்ந்த பிறகு ஒரு குளியல் என்று நேரம் கூடக் குறித்தாள். கடலையே பார்க்காத பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஷாம்பு எழுதுமா, ஷாம்பு எழுதுமா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். நான் முன்பக்கத்தில் அமாவாசை எப்போது என்று தேடினேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற எங்கள் தெருவில் அமாவாசை அன்று யாரும் தறியில் உட்கார மாட்டோம். எங்களுக்கு ஞாயிறும் கிடையாது, சனியும் கிடையாது, அமாவாசைதான் லீவு. கல்யாணமா, பெண் பார்ப்பதா, பல்வலிக்கு டாக்டரா, எல்லாவற்றையும் அமாவாசைக்குத் தள்ளிப் போட்டே எனக்குப் பழக்கம். கடலையும் அப்படித்தான் தள்ளினேன்.

அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைப் புடவையை ஒரே ஆள் நெய்ய முடியாது. நடுவில் நான் உட்காருவேன். வலப்பக்கத்தில் அவள் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைப் போடுவாள். பதினோரு வருஷமாக அப்படி. தறியில் மூன்று புடவைக்கான பாவு நூல் ஏறியிருந்தது. அவள் கிளம்புவதற்குள் மூன்றையும் முடித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். புது ஆள் கைக்குக் கரை ஒரே சீராக வராது என்று பயம். நாடு விட்டு நாடு போகிறவளிடம் மிச்சமிருந்த நாட்களை எல்லாம் தறிக்கே வாங்கிக்கொண்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

"நடுவுல ஒரு செவ்வா புதன்ல போய்ட்டு வந்துடலாமே" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

"தறிய உட்டுட்டா? அமாவாசை வருதில்ல, இரு."

வைகாசி அமாவாசைக்குப் பெரியவளுக்குக் காய்ச்சல். ஆனி அமாவாசைக்குக் குவைத்துக்கான மருத்துவப் பரிசோதனை என்று சென்னைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு டிக்கெட் வந்தது. ஆடி அமாவாசைக்கு மூன்றாம் நாள் விமானம். எனக்கு அதில் உள்ளூர ஒரு சந்தோஷம்கூட. இறந்துபோன என் அப்பாவுக்கு ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். அதையும் கடற்கரையிலேயே முடித்துவிடலாம், பிள்ளைகளும் குளித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

புடவை மூன்றும் முடிந்துவிட்டன. அதில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு நாள் தங்குவது ஒரு நாளாகச் சுருங்கியிருந்தது. வழியனுப்ப வருகிறவர்கள், பெட்டி கட்டுவது என்று ஏகப்பட்ட வேலை. கிளம்புகிற காலையில் பிள்ளைகளை நிற்க வைத்து, பால்பாயின்ட் பேனாவால் இரண்டு பேர் முன்கையிலும் என் போன் நம்பரை எழுதினாள். கூட்டத்தில் தொலைந்துபோனால் யாராவது கூப்பிடுவதற்கு.

"உன் நம்பரையும் எழுதேன்" என்றேன்.

"என் நம்பர் எதுக்குங்க? இன்னும் மூணு நாளுல அது இருக்காது" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினாள்.

செங்கல்பட்டு போய் பஸ் மாறினோம். எள்ளும் தர்ப்பையுமாக ஊரே பஸ்ஸில் ஏறியிருந்தது. சின்னவன் பக்கெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அம்மா மடியில் நின்றபடி வந்தான். பெரியவள் வழியில் தெரிந்த ஏரியை எல்லாம் "இதான் கடலா, இதான் கடலா" என்று கேட்டாள்.

கடல் அன்று கடலாகவே இல்லை. கரையில் கடை போட்டிருந்த இடம் வரைக்கும் மணல் ஈரமாக இருந்தது. ஒவ்வொரு அலையும் ஆள் உயரத்துக்கு எழும்பி வந்து விழுந்தது. பேச்சு காதில் விழவில்லை. கம்பு நட்டு நெடுகக் கயிறு கட்டியிருந்தார்கள். திதி கொடுக்கிறவர்களைப் பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டுக்கொண்டிருந்த போலீஸ்காரர், பிள்ளைகளைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"சார், காலு மட்டும் நனைச்சிக்கினு வந்துடறோம் சார்" என்றாள் அவள்.

"வேணாம்மா. அலை இழுக்குது. பெரியவங்களே தடுமாறி உழறாங்க."

"நான் கையப் புடிச்சிக்கிறேன் சார். ஒரு நிமிசம் சார்."

"சொன்னா கேளும்மா. நாளிக்கு வா."

பக்கத்தில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைத்தான் பிடித்தாள்.

"இன்னாப்பா நீ? அமாவாசைல யாராச்சும் கொழந்தைங்கள இட்டுக்கினு கடலுக்கு வருவாங்களா? அமாவாசை, பௌர்ணமின்னா தண்ணி ஏறும்பா. எந்த ஊரு நீ?"

"காஞ்சிபுரம்."

"அதான்! ஒரு அஞ்சாறு நாள் கழிச்சி வா. இந்த ஏத்தம் இருக்காது. காலு நனைக்கலாம்."

அஞ்சாறு நாள் கழித்து. அதற்குள் விமானம் போயிருக்கும். வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆனியில் ஒரு புதன்கிழமை என்று எத்தனை நாள் இருந்தது. வருஷம் முழுக்க அமாவாசையை எண்ணியே வாழ்கிறவன் நான். அதே நாளில் கடல் பொங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு அது தறி நிற்கிற நாள். எல்லாமே நின்றுதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. என் மனைவி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போர்வையை விரித்து, கேனை ஒரு மூலையில் வைத்து, மற்ற மூன்று மூலைகளிலும் செருப்புகளை வைத்தாள்.

என் முறை வந்ததும் கயிற்றுக்கு உள்ளே போய் அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். மந்திரம் ஒன்றும் மனதில் ஏறவில்லை. திரும்பி வருவதற்கு முன் சின்னவனின் பக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போய், கடல் தண்ணீரை மொண்டு வந்தேன். பாதி மணல்.

அவள் பிள்ளைகளைப் போர்வை மேல் நிற்க வைத்தாள். அந்தச் சின்ன பக்கெட்டில் ஒரு நேரத்துக்கு ஒரு கால்தான் போகும். முதலில் சின்னவனுடைய வலது கால், பிறகு இடது. அப்புறம் பெரியவள்.

"இதுல அலையே இல்லியேமா" என்றாள் பெரியவள்.

என் மனைவி பக்கெட்டுக்குள் கையை விட்டு வேகமாகக் கலக்கினாள். தண்ணீர் தெறித்துச் சின்னவன் முகத்தில் பட்டது. அவன் நாக்கை நீட்டி நக்கிப் பார்த்து, "உப்பு!" என்று கத்தினான். அவள் சிரித்தாள். கலக்கிக்கொண்டே இருந்தாள், கை வலிக்கிற வரைக்கும். நான் ஈர வேட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

புளிசாதத்தைத் தின்றுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பினோம். மூன்றாம் நாள் அவள் போனாள்.

இப்போது எதிர்வீட்டு அக்கா வந்து வலப்பக்கம் உட்காருகிறாள். நான் பயந்ததுபோல ஒன்றும் இல்லை. ஒரே வாரத்தில் கரை சீராக வந்துவிட்டது. அது எனக்குச் சந்தோஷத்தைத் தரவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் வீடியோவில் கூப்பிடுவாள். அங்கே அது விடுமுறை நாள். ஆனாலும் அவளுக்கு லீவு இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் குழந்தைகளோடு வெளியே கிளம்பினால் இவளும் போக வேண்டும். ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டபோது அவளுக்குப் பின்னால் கடல் தெரிந்தது. எங்கள் ஊர்க் குளம் போல அசையாமல் கிடந்தது. மணலில் போர்வை விரித்திருந்தது. பக்கத்தில் தண்ணீர் கேன், துண்டு, மாற்றுத் துணிப் பை. எனக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம்.

"வாராவாரம் இங்கதான் வருவாங்க" என்றாள். "நான்தான் எல்லாம் எடுத்து வைக்கிறேன். இவங்களுக்கு ஒண்ணுமே தெரியல, துண்டு கூட எடுக்க மாட்டாங்க."

அப்போது முழங்கால் வரை நனைந்த ஒரு சின்னப் பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தாள். சின்னவன் வயதுதான் இருக்கும். இழுக்கிற அந்தக் கையில் நீல மையில் ஏதோ எழுதியிருந்தது. பெரியவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"அந்தப் பாப்பா கையில யாரு நம்பர்மா?"

அவள் அந்தச் சின்னக் கையைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"என் நம்பர்தான் கண்ணு" என்றாள்.

பெரியவள் போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் எட்டிப் பார்த்தபோது பள்ளிக்கூடப் பையைத் திறந்து பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள்.