சின்னம்மாவின் மவுத்கார்ட்

என் மேசை இழுப்பறையில் பச்சை நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று கிடக்கிறது. அதற்குள் ஒரு மவுத்கார்ட். ரக்பி விளையாடுபவர்கள் அடிபட்டுப் பல் போகாமலிருக்க வாய்க்குள் மாட்டிக்கொள்வார்களே, அந்த வளைந்த ரப்பர்த் துண்டு. அதில் பதிந்திருப்பவை என் பற்கள் அல்ல, என் சின்னம்மாவின் பற்கள். சின்னம்மா தன் வாழ்நாளில் ஒரு நாள்கூட ரக்பி விளையாடியதில்லை. அதைக் கொதிநீரில் போட்டு, முப்பதுவரை எண்ணி, அவர் வாய்க்கு அளவாகச் செய்து கொடுத்த கெட்டிக்காரி நான்தான்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. மொன்ட்ரியாலில், லாசால் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்தோம். கல்லூரிப் பெண்கள் அணியில் ஆடிக்கொண்டிருந்ததால் கிழமைக்கு ஒரு காயத்தோடு வீடு வருவேன். அம்மா ஓடிக்கொலோன் போத்தலைத் தூக்கிக்கொண்டு பின்னால் திரிவார். “உன்னைப் பொம்பிளைப் பிள்ளை எண்டு ஆரும் சொல்லுவினமே?” என்பார். அம்மாவின் தங்கையான சின்னம்மா ஏசமாட்டார். கன்றி நீலம்பாரித்த கண்டலைப் பெருவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, “இது வியாழக்கிழமை மஞ்சளாகும், பேந்து போயிடும்” என்பார். சொன்னபடியே வியாழக்கிழமை மஞ்சளாகும். கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளை பார்க்கும் ஒருவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எப்படித் தெரியும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சின்னம்மாவும் சித்தப்பாவும் நகரின் இன்னொரு மூலையில் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிக் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமைகளில் சித்தப்பா வேலைக்குப் போனதும் சின்னம்மா இரண்டு பஸ் மாறி எங்களிடம் வந்துவிடுவார். வசந்தம் வந்தால் ஐரோப்பாவின் ஆறு நாட்டுப் பெண்கள் அணிகள் ஆண்டுதோறும் மோதும் ரக்பிப் போட்டி தொடங்கும். அங்கே பின்னேரம், இங்கே காலை. நான் அதற்காகவே உயிரை வைத்திருந்தேன். சின்னம்மா கழற்றாத குளிர்கோட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறிப்போகும் தேநீரை மறந்து பார்ப்பார். வேல்ஸ்காரி ஒருத்தி பந்தோடு ஓடிவர அயர்லாந்துக்காரிகள் இருவர் இரண்டு பக்கத்தாலும் மோதி நிலத்தோடு அறைவார்கள். எலும்பில் எலும்பு படுகிற சத்தம் கேட்கும். மூக்கால் இரத்தம் ஓட வெளியே போனவள் பஞ்சை அடைத்துக்கொண்டு திரும்ப ஓடிவருவாள். “தவக்காலத்திலை பாக்கிற காட்சியே இது?” என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார்.

சின்னம்மா பார்த்தது அடியை அல்ல. “விசில் ஊதினவுடனை விடுகினம், பாத்தியே?” என்பார். ஒவ்வொரு முறையும் அதே வியப்பு. ஒருத்தியின் தோள் எதிரியின் முகத்தில் பட்டு நடுவர் சிவப்பு அட்டை காட்டியபோது சின்னம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “தலையிலை பட்டதுக்கு வெளியிலையோ? ஒரேயொரு அடிக்கோ?” “ஓம் சின்னம்மா, அது சட்டம்” என்று நான் பெரிய மனுசி மாதிரிச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை என் மவுத்கார்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நித்திரையிலை நறநறவெண்டு பல்லுக் கடிக்கிறனாம், பிள்ளை. சித்தப்பா ஏசுறார். இது எனக்கும் ஒண்டு எடுக்கலாமோ?” என்னிடம் புதிதாக ஒன்று இருந்தது. கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து அதைப் போட்டு எடுத்து, “கடியுங்கோ, இன்னும் இறுக்கிக் கடியுங்கோ” என்றேன். வாய் நிறைய ரப்பரோடு சின்னம்மா சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பச்சைப் பெட்டியையும் கொடுத்து அனுப்பினேன்.

போட்டியின் கடைசிச் சனிக்கிழமை அவர் வரவில்லை. இங்கிலாந்தும் பிரான்சும் மோதும் ஆட்டம், அதைத் தவறவிடமாட்டார். போனையும் எடுக்காததால் பஸ் ஏறிப் போனேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்தவர், “போ பிள்ளை, பேந்து வா. அவர் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை” என்றார். அதற்குள் நிலவறைப் படிகளில் காலடிச் சத்தம் ஏறிவந்தது. சின்னம்மாவின் கை வீட்டுச் சட்டைப் பைக்குள் போயிற்று. மவுத்கார்டை எடுத்தார், வாய்க்குள் வைத்தார், பெருவிரலால் ஒருமுறை மேலே அழுத்திக்கொண்டார். எங்கள் அணியில் ஒருத்திகூட அவ்வளவு பழக்கத்தோடு மாட்டியதில்லை. எனக்கு எல்லாம் அந்த நொடியில்தான் விளங்கியது.

கதவுக்கு வெளியே நான் நிற்பதை சித்தப்பா காணவில்லை. “ஆரோடை கதை?” என்று கேட்டுக்கொண்டே கைமுட்டியை மடக்கி அவர் முகத்தில் குத்தினார். சின்னம்மாவின் தலை சுவரில் மோதியது, திருஇருதயப் படம் விழுந்து உடைந்தது. அவர் ஒரு சத்தமும் போடவில்லை. நான் சப்பாத்தோடு உள்ளே பாய்ந்தேன். தலையைப் பக்கவாட்டில் வைத்து, தோளைச் சித்தப்பாவின் விலாவுக்குக் கீழே கொடுத்து, இரண்டு கையாலும் தொடைகளைக் கட்டித் தள்ளினேன். நான் செய்தவற்றிலேயே மிகச் சுத்தமான டாக்கிள் அதுதான். அவர் சப்பாத்துத் தட்டின்மேல் விழுந்தார். தோள்பட்டைப் பக்கம் ஏதோ முறிந்தது கேட்டது. மைதானத்தில் என்றால் அதோடு முடிந்திருக்கும். நான் நெஞ்சில் ஏறி இருந்து முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்தது தெரிந்தும் குத்தினேன். அவர் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். எத்தனை குத்து என்று தெரியாது. மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

“ஸ சுஃபி!” என்று ஒரு குரல். கார்தெரியில் பிள்ளைகள் ஒருவரோடொருவர் அடிபட்டால் சின்னம்மா பிரெஞ்சில் போடும் அதட்டல். போதும், நிறுத்து என்று அர்த்தம். என் கை நின்றது. என் மயிரைப் பிடித்திருந்த கையும் விட்டுவிட்டது. மவுத்கார்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, வாயிலிருந்து நாடிவழியே இரத்தம் வடிய, சின்னம்மா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானே பொலிசுக்குப் போன் அடித்து, முகவரியை இரண்டு தரம் நிதானமாகச் சொன்னார். அவர்கள் வருவதற்குள் மவுத்கார்டைப் பச்சைப் பெட்டிக்குள் போட்டு என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

ஆறு வருடம் சித்தப்பா அடித்தது கோவிலில் ஒருவர் காதுக்கும் எட்டியிருக்கவில்லை. நான் அடித்தது அடுத்த நாள் பூசைக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. “உந்த விளையாட்டாலை வந்த வினை” என்றார்கள். அம்மாவும் அழுதுகொண்டு அதையேதான் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் விசில் ஊதிய பிறகும் நான் ஒருத்தியை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன். சிவப்பு அட்டை வாங்கி வெளியே வந்தவள்தான், பிறகு மைதானத்துக்குப் போகவில்லை.

இப்போது சின்னம்மா மொன்ட்ரியால்-நோரில் தனியாக ஒரு சின்ன அப்பார்ட்மென்டில் இருக்கிறார். வசந்தச் சனிக்கிழமைகளில் நான் அவரிடம் போகிறேன். சொந்தப் பல்லால் முறுக்கைக் கடித்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பார். போன கிழமை, இத்தனை வருடத்துக்குப் பிறகு, ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். “ஏன் சின்னம்மா அப்ப எனக்குச் சொல்லேல்லை?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உன்னட்டைத்தானே பிள்ளை வந்தனான்” என்றார்.

வீட்டுக்கு வந்து பச்சைப் பெட்டியைத் திறந்தேன். ஐந்து வருடம் ஆடியும் நான் ஒரு மவுத்கார்டையும் கடித்துத் துளைத்ததில்லை. இதில் இரண்டு கடைவாய்ப் பக்கமும் ஓட்டை. சின்னம்மா இதைப் போட்டிருந்தது மூன்றே மூன்று கிழமை.