கதவுக்கு வெளியே மைவோர்

மைவோர் சண்டெல் 1966 மார்ச்சில் ஸ்வீடனின் சுந்த்ஸ்வால் நகரில் பிறந்தார். பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை. தினமும் நானூறு பிள்ளைகளுக்கு மதிய உணவு. நாய் வளர்க்கும் ஆசை ஏழு வயதிலேயே வந்துவிட்டது. ஆனால் நாய் முடி பட்டால் அவருடைய அப்பாவுக்குக் கண் வீங்கும். பிற்காலத்தில் மகனுக்கு மூச்சிழுப்பு. மகன் வளர்ந்து வேறு நகரத்தில் குடியேறிய பிறகு, 2023 ஜூலை ஒன்பதாம் தேதி, எட்டு வாரக் குட்டியொன்று அவர் மடியில் அமர்ந்து வீடு வந்து சேர்ந்தது. இலவங்கப்பட்டை நிறம் என்பதால், ஸ்வீடிஷ் மொழியில் அதற்குரிய சொல்லான கானெல் என்றே பெயரிட்டார்கள்.

குட்டியைக் கொடுத்த அஸ்டா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "தனியா இருக்கப் பழகலேன்னா கூச்சப்படாம திருப்பிக் கொண்டுவந்துடுங்க. கத்திக் கத்தியே வீணாப்போன நாய்களை நான் பாத்திருக்கேன்."

ஸ்டெல்லானும் அதையே சொன்னார். மைவோரின் கணவர், ரயில் ஓட்டுநர். மைவோர் வேலைக்குக் கிளம்புவதற்கும் அவர் இரவுப்பணி முடிந்து வீடு திரும்புவதற்கும் இடையே காலையில் ஒன்றரை மணி நேரம் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்டு பதினைந்தில் பள்ளிச் சமையற்கூடம் திறக்கும்.

"அதுக்கப்புறமும் ஊளையிட்டா திருப்பிக் கொடுத்துடணும், மைவோர். அதுக்கும் பாவம், அக்கம்பக்கத்துக்கும் பாவம்."

மைவோர் தலையாட்டினார். குட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது அது சுலபமாக இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கிப் புல்வெளிக்குப் போனார். ஒரு ஜோடி செருப்பும் ஸ்டெல்லானின் தொப்பி விளிம்பும் அதன் பல்லுக்கு இரையாயின. உட்காரச் சொன்னால் உட்கார்ந்தது. தன் படுக்கை எது என்று தெரிந்துகொண்டது. தனிமை மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. மைவோர் வெளியே வந்து கதவைச் சாத்தி, காலுறையோடு படிக்கட்டின் தளத்தில் நின்று, கதவில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே ஊளை. அது ஓயும் நொடியில் உள்ளே போவார். மூன்று வாரம் முயன்றும் குட்டி மூன்று நிமிடத்துக்கு மேல் கத்தாமல் இருக்கவில்லை.

அந்தக் கட்டடத்தில், வெளியே போகும் முன் எல்லோரும் கதவின் கண்ணாடித் துளை வழியே பார்ப்பார்கள். படியில் ஆள் இருந்தால், பேச்சுக் கொடுக்க நேராமலிருக்க, அவர் போகும்வரை காத்திருப்பார்கள். மைவோரும் அப்படித்தான். எதிர்வீட்டு ஹில்டிங் ப்ரோமனுடன் ஒன்பது ஆண்டுகளில் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜூலை முப்பத்தொன்று, திங்கட்கிழமை காலை, ஹில்டிங்கின் கதவு ஒரு சாண் திறந்தது.

"மன்னிக்கணும். நீங்க எப்பக் கிளம்புவீங்க?"

"எங்க?"

"எங்கயாவது. நாலு நாளா நான் கதவுக்குப் பின்னாடி நிக்கிறேன், நீங்க முன்னாடி நிக்கிறீங்க. வீட்ல காப்பித்தூள் சுத்தமாத் தீந்துபோச்சு."

மைவோருக்கு முகம் சிவந்தது. "அய்யோ! கதவத் தொறந்துக்கிட்டுப் போயிருக்கலாமே!"

"ஆளு நிக்கிறப்பவா?"

"குட்டியத் தனியா இருக்கப் பழக்குறேன்," என்றார் மைவோர். "இன்னும் ரெண்டு வாரம்தான். கத்துறத நிறுத்தலேன்னா திருப்பிக் கொடுத்துடணும்."

"அது எங்க தனியா இருக்கு? நீங்கதான் இங்கயே நிக்கிறீங்களே."

"புரியலையே."

"மூச்சு விடுறீங்க, காலை மாத்தி மாத்தி வைக்கிறீங்க. எனக்கே கேக்குது, அதுக்குக் கேக்காதா? கதவுக்கு அந்தப்பக்கம் நீங்க நிக்கிறது தெரிஞ்சா யாராயிருந்தாலும் கூப்பிடத்தான் செய்வாங்க. போன வியாழக்கிழமை துணி துவைக்கக் கீழ போனீங்களே, அன்னிக்கு ஒரு முனகல் உண்டா?"

"அன்னிக்குத் தூங்கிட்டிருந்துச்சு."

"எங்க தூங்கிச்சு? எதையோ கடிச்சு மென்னுகிட்டிருந்துச்சு."

"ஓ... ரெண்டாவது செருப்பு!"

ஹில்டிங் முதன்முறையாகச் சிரித்தார். "கடைக்குப் போய்ட்டு வாங்க. நிஜமாப் போங்க. எனக்கும் காப்பித்தூள், நல்லாக் கறுப்பா வறுத்தது. நான் இங்க கேட்டுக்கிட்டு இருக்கேன்."

மைவோர் கடைக்குப் போனார். இருபத்தைந்து நிமிடம் கழித்து மூச்சிரைக்கப் படியேறி வந்தார். ஹில்டிங் தன் வாசலில் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

"ரெண்டே நிமிஷம் புலம்பிச்சு. அப்புறம் சத்தமே இல்ல. உள்ள போங்க, ஆனா ரொம்பக் கொஞ்சாதீங்க. போனதும் வந்ததும் பெரிய சங்கதின்னு நெனச்சுக்கப்போகுது."

கானெல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அதைக் கொஞ்சாமலிருக்க மைவோர் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மைவோர் வெளியே போனார், ஹில்டிங் காது கொடுத்துக் கேட்டார். யார் கண்ணிலும் படாமலிருக்க விரும்பிய மனிதர் தினமும் கதவைத் திறந்து வைத்து, மைவோர் வந்ததும் நிலவரம் சொன்னார். ஒரு நாள் தபால்காரரின் காலடிச் சத்தத்துக்குக் குட்டி குரைத்ததைக்கூட மறைக்கவில்லை.

ஆகஸ்டு பதினைந்து காலை எட்டேகாலுக்குச் சமையற்கூடத்தில் தொலைபேசி ஒலித்தது. மைவோர் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அப்படியே விட்டு ஓடினார்.

"நான் இப்பத்தான் வந்தேன்," என்றார் ஸ்டெல்லான். "சத்தமே வரலன்னு ஹில்டிங் சொல்றார். என் தலகாணில படுத்திருக்கு. நான் எங்க படுக்கறதுன்னு தெரியல."

"அப்போ... இருக்கட்டுமா?"

"இதென்ன கேள்வி? எழுப்பினா உறுமுது. இனி நான்தான் அஸ்டா வீட்டுக்குப் போகணும்."

மைவோர் மேலங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஹில்டிங் இருந்தா கூப்பிடேன்."

சற்று நேரம் காலடிச் சத்தம். பிறகு ஒரு செருமல்.

"ஹில்டிங், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே..."

"இருக்கட்டும்," என்றார் அவர். "ஆறே முக்காலுக்கு ஒரு தடவை கொட்டாவி விட்டுச்சு. வேற ஒண்ணும் இல்ல. நாளைக்கும் கேட்டுச் சொல்றேன்."