கதவு சாத்தியாச்சா?

கதவைப் பூட்டி, பாதிப் படி இறங்கி, ஏதோ உறுத்த, மறுபடி ஏறி, கைப்பிடியை ஓர் இழு இழுத்துப் பார்க்கிறார். அசையவில்லை. உள்ளேயிருந்து கனமான பெருமூச்சு ஒன்று கேட்கிறது. "தூங்குடா ராஜா, அப்பா வேலைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கதவிடம் சொல்லிவிட்டு இறங்குகிறார். வாசலுக்கு வந்ததும் முகத்தில் அதே கலக்கம். "கதவு சாத்தியாச்சா?"

குடியிருப்பில் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கதவு சரியாக மூடாத லிஃப்ட் என்ன செய்யும் என்று நேரில் பார்த்தவர் என்பதால், எந்தக் கதவையும் ஒரு தடவை மூடினால் அவருக்குப் போதாது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கையில் சாவிகள் ஆடும். சாப்பிடும்போதுகூட இரண்டு வாய்க்கு ஒரு தரம் எழுந்து எதையாவது சரிபார்த்துவிட்டு வருவார்.

அந்த வீட்டில் பதறாத ஜீவன் ஒன்று உண்டென்றால் அது பஞ்சுதான். பெயரைக் கேட்டு வெள்ளையாக, மடியில் அடங்குவதாக யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கன்றுக்குட்டி அளவில் கறுப்பு ராட்வைலர். வெளியே வந்தால் வாயில் கூண்டுபோல வாய்மூடி, கழுத்தில் குட்டை வார். ஊருக்கெல்லாம் லிஃப்டைச் சரிசெய்து கொடுப்பவர், யாராவது பயப்படுவார்களே என்று நாயோடு படியில்தான் இறங்குவார். எதிரே ஆள் வந்தால் "உட்காரு" என்பார். அது உட்காரும். இவர் மட்டும் நின்றபடி தவிப்பார்.

"பஞ்சுவப் பழக்கினது போதும். அதப் பழக்குற வாத்தியாரே உங்களையும் கொஞ்சம் பழக்கட்டும்" என்பாள் மனைவி.

பெரிய ஜாதி நாய்களை மாத முடிவுக்குள் வெளியேற்ற வேண்டும் என்று குடியிருப்புச் சங்கத்தில் பேச்சு எழுந்ததிலிருந்து மனிதர் சாவிகளை ஆட்டுவது இரட்டிப்பாகிவிட்டது. வழியில் பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக்கொண்டு வாதாடினார். "லிஃப்ட் விழுந்தா லிஃப்டையா ஜெயில்ல போடுவீங்க? பார்த்துக்காம விட்டவன் யாருன்னு கேளுங்க சார். நாய்க்கும் அதேதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள், கீழ்வீட்டு நர்ஸைத் தவிர. அவள் மகளின் முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. பழைய வீட்டுப் பக்கத்தில் யாரோ வளர்த்த நாய் கடித்தது. "அவங்களும் இதேதான் சொன்னாங்கண்ணா. நல்லாப் பழக்கியிருக்கோம், ஒண்ணும் செய்யாதுன்னு" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் அவரைப் பிடுங்கித் தின்றது. அந்தச் சிறுமி எதிர்ப்பட்டால் நாயை இழுத்துக்கொண்டு வந்த வழியே மாடி ஏறிவிடுவார்.

சங்கக் கூட்டத்தன்று காலையிலிருந்தே மனிதர் ஒரு நிலையில் இல்லை. பேச வேண்டியதைக் கண்ணாடியிடமும் சுவரிடமும் சொல்லிப் பார்த்தார். பஞ்சுவிடம் சொன்னபோது அது கொட்டாவி விட்டது. மனைவி முன்னால் போய்விட்டாள். "ஆரம்பிச்சாச்சு, வாங்க!" என்று கீழிருந்து குரல் கேட்டதும் முணுமுணுத்துக்கொண்டே ஓடினார்.

கூடத்தில் நன்றாகத்தான் பேசினார். "பழக்கணும், கட்டணும், கதவச் சாத்தணும். மூணுல எது தப்பினாலும் குத்தம் வளர்க்கிறவனோடது. அவனக் கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாற்காலிகள் பின்னுக்கு இழுபட்டன. வாசலில் பஞ்சு நின்றது. வாய்மூடியும் இல்லை, வாரும் இல்லை.

நர்ஸ் மகளை முதுகுக்குப் பின்னால் தள்ளி மறைத்துக்கொண்டாள். பெண் அழவில்லை, தழும்பை மறுகையால் பொத்திக்கொண்டாள். அவர் ஓடிப்போய் நாய்க்கு முன்னால் நின்றார்.

"உட்காரு." குரல் பாதியில் உடைந்தது. பஞ்சு உட்கார்ந்தது. இடுப்பு பெல்ட்டை உருவி அதன் கழுத்துப்பட்டையில் கோத்து, கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

பயந்து நாற்காலிமேல் ஏறியிருந்த சங்கச் செயலாளர் இறங்கவில்லை. "தாழ்ப்பாள அதுவே தள்ளித் திறந்திருக்கு, பார்த்தீங்களா? இந்த ஜாதியே இப்படித்தான். எவ்வளவு பழக்கினாலும் புத்தி போகாது."

"பழைய தாழ்ப்பாள்ங்க... நான்தான் சரிபண்ணச் சொல்லாம..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

அவருக்குத் தெரியும். இன்று அவர் பாதிப் படியில் நிற்கவில்லை. திரும்ப ஏறவில்லை. கைப்பிடியை இழுத்துப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் கதவை மூடினாரா என்பதே நினைவில் இல்லை. சும்மா இருந்தால் பழி தாழ்ப்பாளுக்குப் போகும், மனைவிக்குப் போகும், இல்லாவிட்டால் ஒன்றும் அறியாமல் உட்கார்ந்திருக்கும் இதற்குப் போகும். வாயைத் திறந்தால், இத்தனை நாள் எந்த ஆளைக் கேட்கச் சொன்னாரோ அந்த ஆள் அவரேதான்.

நர்ஸ் செயலாளரைப் பார்க்கவில்லை, நாயையும் பார்க்கவில்லை. "கதவச் சாத்தாம வந்தது யாரு?" என்றாள்.

சாவிக்கொத்து இருந்த கையை அவர் தலைக்கு மேலே தூக்கினார். ஒரு சாவிகூட ஆடவில்லை.