கதவில் அடித்த நீலப் பலகை

தெலுங்கு பேசும் ஊரான நாச்சாரத்தில் நான் பி.டி. மாஸ்டராக இருந்த பள்ளியில், பந்தும் மட்டையும் போட்டு வைத்திருந்த என் அறைக் கதவில் ஒருநாள் 'கவுன்சிலிங் ரூம்' என்று நீலப் பலகை அடித்தார்கள். அங்கீகாரத்துக்காக ஆய்வு செய்ய வருகிறார்களாம், பிள்ளைகளின் மனநலம் பார்க்க ஓர் ஆள் இருந்தாக வேண்டுமாம். அவ்வளவுதான் காரணம். எந்தப் பிள்ளையின் மனசைப் பற்றியும் அங்கே யாருக்கும் கவலை இருந்ததில்லை.

அதற்காக வந்தவர்தான் கவுன்சிலர் மேடம். அங்கேயே ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்து, ஊர் உருதுவும் கலந்து பேசும் தமிழ்ப் பெண்மணி. என் பந்துக் கூடையைத் தூக்கப் போனேன். "நக்கோ மாஸ்டர், வேணாம், இங்கயே கெடக்கட்டும். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் புள்ளன்னு உக்காந்தா எது வாயத் தெறக்கும்?" என்றார். பிள்ளைகளைச் சுவரில் பந்தடிக்க விட்டார். அடித்துக்கொண்டே பேசினார்கள், சில பேர் அடித்துக்கொண்டே அழுதார்கள். சுவர் முழுக்க வட்ட வட்டமாக அழுக்கு. பிரின்சிபால் கண்ணுக்கு அந்த அழுக்கு மட்டும்தான் தெரிந்தது.

சாஃப்ட்வேர் ஆசை ஊருக்கே தலைக்கேறியிருந்த காலம் அது. மீசை முளைக்காத பிள்ளைகளுக்கெல்லாம் ஐ.ஐ.டி. பேட்ச். என் விளையாட்டு பீரியடையும் கணக்குக்குப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்த பேட்சில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, முதல் ரேங்க். உட்கார்ந்த இடத்தில் புருவ முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். ஒரு புருவம் பாதி காணாமல் போயிருந்தது. கணக்கு சார் ஸ்கேலால் அவள் விரலைத் தட்டுவார். பக்கத்து பெஞ்சுக்காரிகள் 'வரைஞ்சுக்கோ' என்று பென்சிலை நீட்டிச் சிரிப்பார்கள். ரேங்க் குறையாதவரை புருவம் போனால் யாருக்கென்ன?

மேடம் அவள் அப்பாவுக்கு ஃபோன் செய்து, "பொண்ணுக்கு கவுன்சிலிங் வேணும், வாங்க" என்றார். ஈரோட்டிலிருந்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து பக்கத்துத் தார்நாகாவில் குடியிருந்தவர் அவர். மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஸ்வீட் பாக்ஸுமாக வந்து நின்றார். பந்து எடுக்க வந்த நானும் அப்போது அந்த அறையில் இருந்தேன்.

"ரொம்ப சந்தோசமுங்க மேடம். ஒம்பதாவதுலயே கவுன்சிலிங் வெப்பாங்கன்னு தெரியாதுங்க. எந்த காலேஜுங்க?"

அவரைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. கவுன்சிலிங் என்றால் சீட் கொடுக்கும் இடம் என்றுதானே ஊரே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது? மேடம் பொறுமையாக விளக்கினார். அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "எம்பொண்ணு பைத்தியமுங்களா?" என்று எழுந்துவிட்டார்.

சுவரோரம் பந்தை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள் அந்தப் பெண். அப்பா தமிழில் எது கேட்டாலும் தெலுங்கில் பதில் சொல்கிறவள். அன்றைக்குத் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னாள்: "அப்பா, நான் நிறுத்தணும்னுதான் பாக்கறேன். கை நிக்கல."

அவர் மறுபடி உட்கார்ந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நேராக பிரின்சிபாலிடம் போனார். இந்த பேட்ச் வேண்டாம், சாதாரண வகுப்பில் போடுங்கள் என்று கேட்டார். முதல் ரேங்க்கை யார் விடுவார்கள்? முடியாது என்றார்கள். அந்த வாரமே டி.சி. வாங்கிக்கொண்டு மகளை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்.

பிரின்சிபால் மேடத்தைக் கூப்பிட்டு, "உங்களால ஒரு ரேங்க் போச்சு" என்றார். "ஹவ் சார், ஆமா, போச்சு. புள்ள பொழச்சுது" என்றார் மேடம். ஆய்வு முடிந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய குற்றத்துக்குத் தண்டனை. அடுத்த வருஷம் நானும் விலகினேன்.

பிறகொரு நாள் அந்தப் பெண்ணைக் கடைத்தெருவில் அப்பாவோடு பார்த்தேன். கை வீசி நடந்தாள். புருவம் முழுசாக இருந்தது.

போன மாதம் ஒரு சர்டிஃபிகேட் வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனேன். அதே கதவு, அதே நீலப் பலகை. உள்ளே சுவருக்கு வெள்ளையடித்து ஏ.சி. மாட்டியிருந்தார்கள். டை கட்டிய பையன் ஒருவன் எழுந்து, "அட்மிஷன் கவுன்சிலிங்கா சார்? எந்த கிளாஸ்? எந்த பேட்ச்?" என்றான். அந்த அப்பா அன்று நினைத்துக்கொண்டு வந்த அறை இதுதான். கட்டிவிட்டார்கள்.

"அழுகிற பிள்ளை எந்த ரூமுக்குப் போகும்?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. அவன் பேசிய தெலுங்கில்தான் கேட்டேன்.