நின்று வாசித்த வயலின்

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மும்பை மாதுங்கா சபாவில் என்னை 'சினிமா வயலின்' என்பார்கள். மெல்லிசைக் குழுக்களில் 'கச்சேரி மாமா'. அந்தக் கேலிக்குப் பயந்தே வெளியிடங்களில் கச்சேரி போலத் தரையில் உட்காராமல் நின்றபடி வாசித்துவந்தேன்.

இன்று செம்பூரில் ஒரு ஜாஸ் குழுவோடு ஒத்திகை. நின்றேன். கமகம் வரவே இல்லை. டிரம்ஸ் வாசிக்கும் பெண் நிறுத்தினாள்.

"அங்கிள், வீட்லயும் நின்னுதான் வாசிப்பீங்களா?"

"இல்லம்மா, தரையில உட்கார்ந்து."

"அப்போ பைட்டோ நா, கீழயே உட்காருங்க. மைக்கை நாங்க இறக்கிடறோம்."

சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றினேன். இடது கை தானாக வழுக்கிக்கொண்டு ஓடியது; கமகம் வந்துவிட்டது.

"அரே, இதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்" என்றார் பியானோக்காரர்.

ஞாயிறன்று மேடையிலும் தரையில்தான் உட்காரப்போகிறேன். இதைப் பெயர் போடாமல் இங்கே பதிவிடுகிறேன். சபாக்காரர்கள் முதலில் வாசிப்பைக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டட்டும். ஆளைக் கண்டுபிடித்தவர்கள் கமெண்டில் உளறிவிடாதீர்கள்.